மூன்று பேர் காத்த கடவுச்சொல்

மழை மிரட்டினாலும் எழுந்து போகாத, மைக் அலறினாலும் காதைப் பொத்தாத, என் மாண்புமிகு மலைவாழ் பெருமக்களே!

மாலை கழுத்தை மறைக்க, மௌனம் முகத்தை மறைக்க, மேடையின் நடுவே வீற்றிருக்கும் எங்கள் வாசகசாலைத் தலைவர், கம்பம்மெட்டு ஏலக்காய் வணிகத்தின் ஏந்தல், ஐயா மணிகண்டன் அவர்களே! அவருக்கு வலப்பக்கம், ஆனால் அவரைப் பார்க்காமல் அமர்ந்திருக்கும் செயலாளர், எஸ்டேட் சூப்பர்வைசர் காளிச்சாமி அவர்களே! இடப்பக்கம், இந்த இருவரையுமே பார்க்காமல் பந்தல் துணியின் பூவை எண்ணிக்கொண்டிருக்கும் துணைத்தலைவர் பாண்டி அவர்களே! பாலக்காட்டுக்குக் கிழக்கே, கோபாலபுரத்துப் பக்கமிருந்து பேருந்து மாறிப் பேருந்து மாறி வந்து, மேடையில் இடமில்லாத காரணத்தால் மூன்றாவது வரிசையில் அமர்ந்திருக்கும் ஆசிரியை யோகப்பிரியா அவர்களே! காயெடுத்த கை காயும் முன்பே கூட்டத்துக்கு வந்துவிட்ட தாய்மார்களே! உட்கார நாற்காலி கிடைக்காமல் ஜீப்பின் பானெட்டில் உட்கார்ந்திருக்கும் தோழர்களே! அது என் ஜீப்பு, பார்த்து உட்காருங்கள். உங்கள் எல்லோருக்கும் இந்தப் பவுல்ராஜின் பணிவான வணக்கம்!

என்னை எதற்கு அழைத்தார்கள்? நன்றியுரைக்கு! ஏன் அழைத்தார்கள்? "தேர்தலுக்குத் தேர்தல் மைக் கட்டி ஜீப்பு ஓட்டுறவன், தொண்டை நல்லாருக்கும், நாலு பேருக்கு நன்றி சொல்லிட்டு இறங்கிருவான்" என்று கமிட்டியில் முடிவு செய்தார்களாம். உண்மைதான். மூன்று கட்சிக்கும் முழங்கியிருக்கிறேன். முழங்கிய ஒன்றையும் நான் நம்பியதில்லை, நீங்களும் நம்பியதில்லை. ஆனால் இன்று நான் சொல்லப்போவது அத்தனையும் நடந்தது. நடத்தியவர்கள் எனக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

என்ன விழா இது? மின்னூல் நிலையத் திறப்பு விழா! எதைத் திறக்கிறோம்? ஒரு கணினியை. அதில் என்ன இருக்கிறது? மின்னூல்களை மேலாண்மை செய்யும் மென்பொருள். அதோ, அந்தப் பளிங்குக் கல்லைப் பாருங்கள். பதினான்கு பெயர் பொறித்திருக்கிறார்கள். கல் வந்தது கிறிஸ்துமசுக்கு முன்னால். மென்பொருள் வந்தது போன செவ்வாய்க்கிழமை! பெண் பார்ப்பதற்கு முன்பே பிள்ளைக்குப் பெயர் வைத்த ஊரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பேரனுக்குக் காதே குத்திவிட்ட ஊரை இன்றுதான் பார்க்கிறீர்கள்.

கதையை முதலிலிருந்து சொல்கிறேன்.

என் மனைவி சிசிலி. அதோ, இரண்டாவது வரிசை ஓரத்தில், கறுப்புக் கண்ணாடியோடு. தலையைக் குனியாதே சிசிலி, நீ ஒன்றும் தப்புச் செய்யவில்லை. இந்த வாசகசாலை அலமாரியில் எழுநூற்றுச் சொச்சம் புத்தகம் இருக்கிறது. கமிட்டிக்காரர்கள் அவற்றைத் தூசி தட்டியிருக்கிறார்களா என்று எனக்குத் தெரியாது. சிசிலி அத்தனையையும் படித்திருக்கிறாள். கதை படித்தாள், கட்டுரை படித்தாள், தேனீ வளர்ப்பது எப்படி என்றும் படித்தாள், தேனீயே இல்லாமல்! பசிக்கிறது என்று நான் கத்தினால், "இந்தப் பக்கம் முடியட்டும்யா, தட்டு அங்கதான இருக்கு" என்பாள். இருபத்திரண்டு வருடம் ஆறிய குழம்பு தின்றிருக்கிறேன். அப்போது எரிச்சலாக இருந்தது. இப்போது அந்த ஆறிய குழம்புக்கு ஏங்குகிறேன்.

ஏனென்றால் சர்க்கரை வியாதி அவள் கண்ணுக்குள் இறங்கிவிட்டது. போன வருடம் ஜூலையில் தேனியில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். ஊசி போட்டார், லேசர் வைத்தார். பிறகு ஒளிக்காமல் சொன்னார்: "போன பார்வை திரும்பாதும்மா. இருக்கறதைக் காப்பாத்தப் பாக்குறோம், உறுதி சொல்ல முடியாது. படிக்கணும்னு ஆசை இருந்தா, பெரிய எழுத்தா வச்சு இப்பவே படிச்சுக்கங்க." இப்பவே என்றார்! அந்த 'இப்பவே' என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கமிட்டிக்கு அந்தச் சொல்லுக்குப் பொருள் தெரியாது.

கைபேசியில் பெரிதாக்கிப் பார்த்தோம். எழுத்து பெரிதாகும், ஆனால் வரி திரைக்கு வெளியே ஓடிவிடும். இந்தப் பக்கம் இழுத்தால் தொடக்கம் தெரியும், அந்தப் பக்கம் இழுத்தால் முடிவு தெரியும். ஒரு வாக்கியம் படிப்பதற்குள் விரல் தேய்ந்துவிடும்.

ஆகஸ்டில் யோகப்பிரியா டீச்சர் வந்தார். கல்லூரி ஒன்று கழித்துக் கட்டிய கணினியை வாங்கி, அதில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டு, நம் வாசகசாலைக்கு இலவசமாகக் கொண்டுவந்தார். யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம் என்று உரிமை கொடுத்து வெளியிட்ட தமிழ் நூல்கள், எண்ணூற்று நாற்பது, ஒரு பென் டிரைவில்! கட்டை விரல் அளவுப் பொருளில் நம் அலமாரியை விடப் பெரிய அலமாரி! அவருடைய சொந்த லேப்டாப்பில் காலிபர் என்ற மென்பொருளைத் திறந்து காட்டினார். அது சம்பளம் கேட்காத நூலகர், பெருமக்களே! ஆசிரியர் பெயரைச் சொன்னால் நூலை எடுத்துத் தருகிறது. ஒரு வடிவத்தில் இருக்கும் நூலை வேறு வடிவத்துக்கு மாற்றுகிறது. எழுத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் வரியைத் தானே மடித்துத் திரைக்குள் நிறுத்துகிறது.

சிசிலியை உட்கார வைத்தார். "அக்கா, எழுத்துப் பத்தலீங்களா? இருங்க, இன்னுங் கொஞ்சம் பெருசு பண்றனுங்க" என்று பெரிதாக்கிக்கொண்டே போனார். ஒரு இடத்தில் சிசிலி கையைக் காட்டி நிறுத்தினாள். "போதும்மா. தெரியுது. வரி ஓடாம நிக்குது" என்றாள். அரை மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தாள். நான் வெளியே போய் ஜீப்பைத் துடைப்பது போல நின்றேன். எதற்கு மறைக்க வேண்டும்? அழுதேன்!

வாசகசாலைக் கணினியிலும் அதை அன்றே வைத்திருப்பார். மழையில் டவர் படுத்துவிட்டது, இணையம் இல்லை. "நெட்டு வந்தா பத்து நிமிச வேலைங்க. இதுல ரெண்டு கணக்கு வெச்சிருக்கறனுங்க. வாசகர் கணக்குக்குக் கடவுச்சொல் இல்லீங்க, ஆரு வேணாலும் தொறக்கலாம். நிருவாகக் கணக்குக்கு மட்டும் நீங்களே ஒரு கடவுச்சொல் போட்டுக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் பேருந்து ஏறினார்.

பெருமக்களே, அங்கேதான் பிடித்தது சனி!

நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். அந்தோணியார் குருசடிக் காணிக்கைப் பெட்டிக்கு எத்தனை பூட்டு? மூன்று! மாரியம்மன் கோயில் உண்டியலுக்கு? அதற்கும் மூன்று! சாவிகள் மூன்று பேர் இடுப்பில். மூவரும் சேர்ந்து வந்தால்தான் பெட்டி திறக்கும். ஒருவரை ஒருவர் நம்பாத மூன்று யோக்கியர்கள் சேர்ந்தால்தான் ஒரு முழு நம்பிக்கை உண்டாகும் என்பது நம் முன்னோர் கண்ட முறை. சிரிக்காதீர்கள், உண்டியலுக்கு அது நல்ல முறைதான். ஆனால் நம் தலைவர் அதைக் கணினிக்குக் கொண்டுவந்தார். "கடவுச்சொல்ல மூணாப் பிரிப்போம். ஆளுக்கு ஒரு துண்டு. ஒருத்தர் அடிக்கும்போது மத்த ரெண்டு பேரும் செவுத்தப் பாத்து நிக்கணும்" என்றார். கமிட்டி கைதட்டி ஏற்றது. தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டது. மூவரும் அன்றே ஆளுக்கு ஒரு துண்டைத் தட்டிக் கடவுச்சொல்லைப் போட்டும்விட்டார்கள், அந்தத் திரையில் தட்டத் தட்டப் புள்ளி வந்தது. உலகத்தில் வேறு எங்காவது ஒரு கடவுச்சொல்லைக் கூறுபோட்ட கதை உண்டா? ஆட்டிறைச்சியைக் கூறுபோடுவார்கள், ஆற்று மீனைக் கூறுபோடுவார்கள். அறிவின் வாசற்படியைக் கூறுபோட்ட பெருமை நம்முடையது!

இணையம் வந்தது. நிறுவும் நாளும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து பத்தரை மணி. நானும் சிசிலியும் வாசற்படியில் நிற்கிறோம். டீச்சர் எழுதிக்கொடுத்த கட்டளையைத் துண்டுச் சீட்டைப் பார்த்துத் தட்டினார்கள். கறுப்புத் திரை கடவுச்சொல் கேட்டது. தலைவர் உட்கார்ந்தார், மற்ற இருவரும் சுவரைப் பார்த்து நின்றார்கள். தலைவர் தட்டினார்.

திரையில் ஒன்றும் வரவில்லை.

எழுத்து வரவில்லை, புள்ளி வரவில்லை, நட்சத்திரம் வரவில்லை. லினக்ஸின் கறுப்புத் திரை அப்படித்தான். கடவுச்சொல்லைத் தட்டும்போது எத்தனை எழுத்து என்றுகூடக் காட்டாது, காட்டாமலே வாங்கிக்கொள்ளும். நம் தலைவருக்குத் தெரியுமா? விசைப்பலகை வேலை செய்யவில்லை என்று மறுபடி தட்டினார். ஓங்கித் தட்டினார். பிறகு எழுந்தார். காளிச்சாமி அண்ணன் உட்கார்ந்தார், ஒன்றும் வரவில்லை, அவரும் இரண்டு தரம் தட்டினார். பாண்டி அண்ணன் எதற்கும் இருக்கட்டுமென்று மூன்று தரம் தட்டினார். என்டரை அழுத்தினார்கள். தவறு, மீண்டும் முயல்க என்று வந்தது. மூன்று முறை முயன்றார்கள், மூன்று முறையும் தவறு.

யாருடைய துண்டு தவறு? அதுதான் திரையில் தெரியாதே!

"காளி, நீ வேணும்னே மாத்தி அடிச்சிட்ட!" என்றார் தலைவர்.

"நான் எதுக்கு மாத்தி அடிக்கேன்? நான் செவுத்தப் பாத்து நின்னப்ப நீங்கதான் எதையோ அமுக்குனீங்க, சத்தம் கேட்டுச்சு!" என்றார் செயலாளர்.

"ரெண்டு பேரும் சேந்து என்னைய மாட்டிவிடப் பாக்குறீங்க!" என்றார் துணைத்தலைவர்.

அன்று பேச்சு நின்றது. அதன் பிறகு மூவரையும் ஒரே அறையில் உட்கார வைக்க முடியவில்லை. தலைவர் வந்தால் செயலாளர் வரமாட்டார். செயலாளர் வந்தால் துணைத்தலைவருக்குக் குமுளியில் வேலை இருக்கும். துணைத்தலைவர் வந்தால் தலைவருக்கு ஏலக்காய் ஏலம் இருக்கும். நான் ஆளுக்கு ஆள் வீட்டு வாசலில் ஜீப்பை நிறுத்திக் கெஞ்சினேன். "என் துண்ட நான் அடிச்சிட்டேன் பவுலு, அவங்களப் போய்க் கேளு" என்றார்கள் மூவரும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே பூசாரியே மூன்று பேர்! ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றது போல, கடைசியில் பழி எங்கே போயிற்று? "இந்த லினக்ஸ் நம்ம மலைக்கு ஒத்து வராது" என்று தீர்மானம் எழுதினார்கள்! ஏன் ஐயா, நம் கேரளப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எதில் படிக்கிறார்கள்? இதே லினக்ஸில்தானே?

என்ன சொல்கிறீர்கள், பின்னால்? சத்தமாகச் சொல்லுங்கள். "கல்லு மட்டும் எப்படி வந்துச்சு" என்றா? நல்ல கேள்வி! பேசாமலே கல் வந்தது. பெயர் வரிசையை மட்டும் மூன்று பேரும் வாட்ஸ்அப்பில் முடித்துக்கொண்டார்கள். முகம் பார்க்காத பகைக்கும் பெயர் பார்க்கும் ஆசை இருக்கும் போலிருக்கிறது!

செப்டம்பர் போயிற்று. காய் சீசன் போயிற்று. கிறிஸ்துமஸ் போயிற்று. ஈஸ்டரும் போயிற்று. கணினி பிளாஸ்டிக் உறைக்குள் மணப்பெண் போல உட்கார்ந்திருந்தது. சிசிலி முதல் மாதம் தினமும் கேட்டாள். அப்புறம் வாரத்துக்கு ஒரு தரம் கேட்டாள். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டாள். கேட்காமல் இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

போன திங்கட்கிழமை. ஏலக்காய் ஸ்டோரில் காய் தரம் பிரிக்கும் பெண்களை ஏற்றி வருகிறேன். முன் சீட்டில் பின்சி. உங்களுக்குத் தெரியும், ரெண்டு பிள்ளைக்குத் தாய், ஏழு வருடமாக அதே ஸ்டோர். நான் கமிட்டியைத் திட்டிக்கொண்டே வண்டி ஓட்டினேன். அவள் மெதுவாகக் கேட்டாள்:

"அண்ணே, அதுல வாசகர் கணக்குன்னு ஒண்ணு இருக்குல்ல? அதுக்குப் பாஸ்வேர்டே இல்லல்ல? அப்ப அதுக்குள்ளயே வச்சுரலாமேண்ணே. கமிட்டி பாஸ்வேர்டு எதுக்கு?"

நான் பிரேக்கை மிதித்தேன். பின்னால் இருந்தவர்கள் ஏசினார்கள், ஏசட்டும்.

அங்கிருந்தே யோகப்பிரியா டீச்சருக்குப் போன் போட்டோம். அவர் கேட்டார்: "ஏனுங்க, இன்னுமா அது வெக்கல? கணினி முச்சூடுக்கும் பொதுவா வெச்சாத்தானுங்க நிருவாகக் கடவுச்சொல் கேக்கும். வாசகர் கணக்கோட சொந்தக் கோப்புறைக்குள்ள வெச்சுக்க ஆரையும் கேக்க வேண்டாமுங்க. நம்ம ஊட்டுக்குள்ள பாய் விரிக்கறதுக்குப் பஞ்சாயத்துல எழுதிக் குடுப்பமுங்களா? கட்டளையில ஒரே ஒரு மாத்தந்தானுங்க!" அந்த மென்பொருளைச் செய்தவர்களே அப்படி ஒரு வழியை எழுதி வைத்திருக்கிறார்களாம்.

செவ்வாய்க்கிழமை மத்தியானச் சாப்பாட்டு நேரம். பின்சி ஏலக்காய்க் கறை படிந்த கையைத் தாவணி முனையில் துடைத்தாள். மன்னிக்கவும், சேலை முனையில். எனக்கு உணர்ச்சி கூடினால் வார்த்தை பழசாகிவிடுகிறது. கைபேசியின் இணையத்தைக் கணினிக்குக் கொடுத்தாள். கட்டளையைத் தட்டினாள். திரை கடவுச்சொல் கேட்கவே இல்லை! இறக்கியது, விரித்தது, முடிந்தது என்றது. சோற்றுப் பொட்டலம் பிரிப்பதற்குள் எண்ணூற்று நாற்பது நூலும் உள்ளே வரிசையாக நின்றன.

"எங்கம்மா கத்துக்கிட்ட?" என்றேன்.

"பத்தாங் கிளாஸ் ஐ.டி. பரீட்சையே இதுலதாண்ணே எழுதுனேன். ஏ பிளஸ் கிரேடு."

"எட்டு மாசமா ஏம்மா சொல்லல?"

"யாருண்ணே கேட்டா?"

கேட்டீர்களா, பெருமக்களே? யார் கேட்டது? இந்தக் கல்லில் பதினான்கு பெயர் இருக்கிறது. பின்சி என்ற பெயர் இருக்கிறதா? யோகப்பிரியா என்ற பெயர் இருக்கிறதா? கல் கொத்தியவர் கடையின் போன் நம்பர்கூட இருக்கிறது! ஸ்டோரில் குனிந்து காய் பொறுக்குகிற பெண்ணுக்கு நிமிர்ந்து பார்த்தால் என்ன தெரியும் என்று நீங்கள் நினைத்தீர்கள். நானும்தான் நினைத்தேன். ஏழு வருடம் அவளை ஏற்றி இறக்கியிருக்கிறேன். வயிறு எப்படி, பிள்ளை எப்படி என்று கேட்டிருக்கிறேன். என்ன படித்தாய் என்று ஒரு நாள் கேட்டதில்லை. கைதட்டுங்கள், பின்சிக்கு! இன்னும் பலமாக! மேடையில் இருப்பவர்களும் தட்டலாம், அதற்குக் கடவுச்சொல் தேவையில்லை.

துண்டுச் சீட்டு வந்திருக்கிறது. படிக்கிறேன். 'நேரம் இல்லை, சுருக்கவும்' என்று தலைவர் எழுதியிருக்கிறார். தலைவர் அவர்களே! எட்டு மாதம் இருந்த நேரம் இந்த எட்டு நிமிடத்தில் எங்கே போயிற்று?

சரி, சுருக்குகிறேன். நன்றி சொல்லத்தானே வந்தேன்?

கணினியைச் சுமந்து வந்த யோகப்பிரியா ஆசிரியைக்கு நன்றி. நிறுவிய பின்சிக்கு நன்றி. காசு வாங்காமல் மென்பொருளைச் செய்து, கதவு பூட்டியிருந்தால் பக்கத்தில் ஒரு வழி உண்டு என்று எழுதியும் வைத்த, முகம் தெரியாத மனிதர்களுக்கு நன்றி. தலைவருக்கும் செயலாளருக்கும் துணைத்தலைவருக்கும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு நன்றி. மூவரும் சேர்ந்து வந்தால் முழுதாக வாங்கிக்கொள்ளலாம்!

இன்னும் ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். இதைச் சொல்ல எனக்கு அலங்காரம் வராது.

ஆகஸ்டில், டீச்சருடைய சின்ன லேப்டாப்பில், சிசிலி போதும் என்று கை காட்டி நிறுத்தினாளே, அந்த எழுத்து அளவில் திரையில் பதினோரு வரி இருந்தது. நான் எண்ணினேன். போன செவ்வாய்க்கிழமை, அதைவிடப் பெரிய இந்தத் திரையில், பின்சி எழுத்தைப் பெரிதாக்கினாள், பெரிதாக்கினாள், பெரிதாக்கிக்கொண்டே போனாள். சிசிலி கை காட்டி நிறுத்தியபோது திரையில் மூன்று வரி. மூன்றே வரி! நீங்கள் மூவரும் சுவரைப் பார்த்து நின்ற எட்டு மாதத்தில், என் மனைவியின் கண்ணிலிருந்து எட்டு வரி போய்விட்டது. யார் திருப்பித் தருவீர்கள்? தலைவரா? செயலாளரா? துணைத்தலைவரா? ஆளுக்கு ஒரு துண்டாகத் தருவீர்களா?

மூன்று வரியை வைத்துக்கொண்டு அவள் செவ்வாயும் புதனும் படித்தாள். வியாழனும் படித்தாள். ஒரு நாவலில் அறுபத்தோராம் பக்கத்தில் நிற்கிறாள். வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்தால் உள்ளே போக முடியவில்லை. ஏன் தெரியுமா, பெருமக்களே? நான் நின்று பேசுகிறேனே, இந்த மேடை! இதை எங்கே போட்டிருக்கிறார்கள்? திரும்பிப் பாருங்கள், தலைவர் நாற்காலிக்குப் பின்னால், அந்தச் சீலைக்குப் பின்னால்! வாசகசாலையின் ஒரே கதவை அடைத்துப் போட்டிருக்கிறார்கள்! திறப்பு விழாவுக்காக இரண்டு நாளாக மூடிக் கிடக்கிறது வாசகசாலை!

ஆகவே, நான் மேலும் பேசினால் கதவு மேலும் மூடியிருக்கும். முடிக்கிறேன். மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, எழுந்திருங்கள். பானெட்டில் உட்கார்ந்திருக்கும் தோழர்களே, இறங்கி வாருங்கள். இந்த மேடைப் பலகைக்கு ஆளுக்கு ஒரு மூலை பிடியுங்கள். சிசிலி, எழுந்து வா. உங்கள் அனைவருக்கும் நன்றி, வணக்கம். மைக்கை அணைத்துவிட்டு வந்து மேடையைத் தூக்குங்கள்!